கேட்டுவிட்டுப் போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஏரிக்கரை:

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஞாயிறு காலை 9.30 முதல் 12 மணி வரை நாங்கள் நான்கு பேர் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். பெங்களூருக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ரேஷன், ஆதார், பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம் என்று எது கேட்டாலும் தெரிந்ததைச் சொல்வோம், மனு எழுதித் தருவோம். வருகிறவர்களின் பெயர், ஊர், கேட்ட விஷயம் மூன்றையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிவைப்பது என் வேலை.

போன மாதம் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் வரச் சொன்னது" என்று என் கையெழுத்தில் நிறைய இடங்களில் இருக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நோட்டில் இல்லை. ஒரு தடவை கேட்டார்கள், போனார்கள், அவ்வளவுதான். வேலை முடிந்திருக்கும், அதனால் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருவரைத் தற்செயலாகப் பார்த்ததில் அந்த நினைப்பு போய்விட்டது.

அவர் அரூர் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். மழைக்காலத்தில் வந்தார். ஊர் ரேஷன் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்க முடியுமா என்று கேட்டார். "ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துடுச்சுங்க, எந்த மாநிலத்துக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஹென்னூர் பக்கம் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்து அவரே வந்து பேசினார். அரிசி வாங்கினீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைக்குப் போனேன் மேடம், மிஷின் எடுக்கல. சிமெண்ட்ல வேலை செஞ்சு ரேகை தேஞ்சுபோச்சுன்னு நெனச்சு, மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு மறுவாரமும் போனேன். அப்பவும் எடுக்கல."

ரேகையில் ஒரு கோளாறும் இல்லை. அவருடைய அட்டையில் என்.பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம், என்று போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த அட்டைக்கும் அரிசி உண்டு. ஆனால் அது மாநில அரசு தன் செலவில் தருவது, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேராதது. வெளிமாநிலக் கடையில் வாங்குகிற வசதி அந்தச் சட்டத்தில் வருகிற பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, மிக ஏழைக் குடும்பம்) அட்டைகளுக்குத்தான். அவர் அட்டையைத் திருப்பிப் பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைச் செய்யாமல் அவருக்கு இரண்டு அரை நாள் கூலி போக நான் காரணமாகிவிட்டேன்.

"ஏங்க திரும்பி வந்து சொல்லல?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. வந்து தப்புன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படும்ல மேடம்."

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பாமல் போயிருக்கிறார்களா? நீங்களே போயிருக்கிறீர்களா? எழுதுங்கள்.

தூரவாணி நகர்:

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்தவர் மறுபடி வந்து நின்றால்தான் பந்தல் வைத்ததற்கு அர்த்தமா? தாகம் தீர்ந்தது, வழியைப் பார்த்துப் போகிறார்.

1979-ல் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வந்து சிட்டி ஸ்டேஷனில் இறங்கினேன். கையில் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையின் வேலை உத்தரவு, ஒரு டிரங்குப் பெட்டி. எந்தப் பஸ் என்று தெரியாமல் நின்றபோது பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா தமிழில் விசாரித்து, கூடவே நடந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டரிடமும் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவரைப் பார்க்க நான் திரும்பிப் போகவே இல்லை. முதல் மாதம் ஷிப்டு, அப்புறம் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். அந்த அம்மா எனக்காகக் காத்திருந்திருக்கவும் மாட்டார். ஆனால் இத்தனை வருஷத்தில் வழி கேட்டு என்னிடம் வந்த ஒருவரையும் கையை மட்டும் நீட்டிக் காட்டி அனுப்பியதில்லை. கூட நடந்துதான் போயிருக்கிறேன்.

மூன்றாம் மாடி:

ஐயா சொல்வது சரிதான், ஆனால் பந்தலில் மோர் கொடுக்கும்முன் என்ன கேட்கிறார்கள் என்பதும் இருக்கிறது. நான் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகாதவள். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2018-ல் விவேக் நகரில் குடியேறினோம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவளுக்குக் கன்னடத்தில் ஒரு எழுத்து தெரியாது, எப்படிச் சமாளிப்பாள் என்று பயம். தமிழர்கள் கூடும் ஒரு இடத்தில் கேட்டால் சொல்வார்கள் என்றார்கள், போனேன். மகளின் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போயிருந்தேன்.

அங்கே ஒரு பெரியம்மா அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். "எந்த ஊரும்மா?" திருநெல்வேலி என்றேன். "திருநெல்வேலியில எங்க?" அம்பாசமுத்திரம் பக்கம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" சொன்னேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. "உங்க குலதெய்வம் எது?"

ஊரில் வளர்ந்த எவருக்கும் இது எங்கே போகிறது என்று தெரியும். தெருப் பெயரில் பிடிபடவில்லை என்றால் சாமி பெயரில் பிடிப்பார்கள். 600 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தும் அதே கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்ட விஷயத்துக்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். 2015-ல் வந்த சட்டப்படி இங்கே பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம், ஒன்றாம் வகுப்பு என்பதால் எல்லாப் பிள்ளைகளும் எழுத்திலிருந்துதான் தொடங்குவார்கள், பயப்படாதே என்றார். ஒரு தப்பும் இல்லை. "அடுத்த வாரம் வா, பழைய புத்தகம் எடுத்து வைக்கிறேன்" என்றும் சொன்னார்.

போகவில்லை. அந்தப் புத்தகத்துக்காக இன்னொரு தடவை அந்தத் தெருவைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே தள்ளுவண்டியில் தக்காளி விற்கிற அக்காவிடம் நானும் மகளும் சேர்ந்து கன்னடம் கற்றோம். அவர் என் பெயரையே மூன்று மாதம் கழித்துத்தான் கேட்டார்.

ஸ்ரீராமபுரம் கடை:

படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். என் கடை வாசலில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சேலம் பதிவெண் பைக்கில் வந்தவன், "அண்ணா, டி.என். வண்டிய இங்க எவ்ளோ நாள் ஓட்டலாம்?" என்று கேட்டான். ஒருத்தர் "இதுகூடத் தெரியாமலா பெங்களூர் வந்தே" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி டீயை வைத்துவிட்டுப் போனான், காசைச் சரியாகக் கொடுத்துவிட்டு.

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும். அதற்கு முதலில் ஊர் ஆர்.டி.ஓ.விலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும். சிரித்த நாலு பேரில் எத்தனை பேருக்கு இது முழுசாகத் தெரியும்? எனக்கே அப்போது தெரியாது, பிற்பாடு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரியாததை மறைக்கத்தான் சிரித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

தூக்குவாளி:

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுடன் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி உதவி செய்கிறேன். ஒரு சாயங்காலம் தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் ரத்த வங்கி எங்கே என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த தூக்குவாளியை என் பக்கத்தில் வைத்து, "வந்து எடுத்துக்கிறேன் தம்பி, பாத்துக்கோ" என்று ஓடினார். இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வாளிக்குள் இட்லி இருந்தது, சூடு ஆறிவிட்டது. மறுநாள் வார்டில் விசாரித்தேன், அந்தப் படுக்கையில் வேறு ஆள். அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் இடத்தில் சிலர் திரும்பாததற்குக் காரணம் தேட வேண்டாம். வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஏரிக்கரை:

எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். தூக்குவாளித் தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இருந்த இடத்திலிருந்து கும்பிடுகிறேன்.

கொத்தனார் விஷயம். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனபோது அட்டை வகையை மாற்றக் கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. இப்போது ரேஷன் என்று யார் வந்தாலும் முதலில் அட்டையை வாங்கி எழுத்தைப் பார்க்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் என் போன் எண்ணை எழுதித் தருகிறேன். "நாங்க சொன்னது நடக்கலன்னா கட்டாயம் கூப்பிடுங்க, எனக்கு வருத்தமே இருக்காது, தெரிஞ்சாத்தான் அடுத்தவருக்குச் சரியாச் சொல்ல முடியும்" என்று வாயாலும் சொல்கிறேன். இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நாங்கள் சொன்ன அலுவலகம் இடம் மாறியிருந்தது.

மூன்றாம் மாடி, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் நான்கு பேருக்கும் கன்னடம் பேச வரும், படிவத்தைப் படிக்கத் தடுமாறுவோம். இந்த ஞாயிறு வர முடியுமா?

மூன்றாம் மாடி:

வருகிறேன். மகளும் வருவாள், என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஆனால் அக்கா, உங்கள் நோட்டில் பெயருக்கு அடுத்து ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது எதற்கு?

ஏரிக்கரை:

பழக்கத்தில் போட்டது. ரேஷனுக்கு மாவட்டம் தெரிந்தால் போதும், மற்றவற்றுக்கு அதுவும் தேவையில்லை. நோட்டை எடுத்து இப்போதுதான் அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். 9.30-க்கு வந்துவிடுங்கள்.