நம் அணி ஆடாத கால்பந்து மேட்சுக்கு இங்கிலாந்தில் போகிறவர்களுக்கு

எந்த அணியின் ரசிகரும் எந்த மேட்சுக்கும் போகலாம். எங்கே உட்காருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் அடுக்கான பிரீமியர் லீகில் வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு 3,000 சீட் தருவார்கள். 30,000 பேருக்குக் குறைவாகப் பிடிக்கும் மைதானமென்றால் பத்தில் ஒரு பங்கு. இந்த டிக்கெட்டுக்கு 30 பவுண்டுதான் உச்சவரம்பு. ஆனால் பல வருடங்களாக ஊர் ஊராக அணியின் பின்னால் போகிறவர்களைத் தாண்டி அது நமக்கு வருவது அரிது. மிஞ்சுவது உள்ளூர்க்காரர்களின் பகுதி. அங்கே இருந்துகொண்டு எதிரணியின் கோலுக்குத் துள்ளிக் குதித்தால் ஸ்டூவர்டு (மைதானக் காவல் ஊழியர்) வந்து வெளியே கூட்டிப் போய்விடுவார், பணமும் திரும்பாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் பாட்டும் கூச்சலும் அதிகம், பல இடங்களில் கடைசி வரை நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். முதல் தடவைக்குப் பக்கவாட்டு ஸ்டாண்டு நல்லது. ஃபுல்ஹாம் அணியின் கிராவன் காட்டேஜ் அருமையான தொடக்கம். புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றோரப் பூங்கா வழியாக நடந்தே போகலாம். 1905-ல் கட்டிய ஸ்டாண்டு மர இருக்கைகளோடு இன்னும் நிற்கிறது.

*

மேலே டிக்கெட் வாங்கும் முறை விட்டுப்போயிருக்கிறது. பெரிய கிளப் என்றால் முதலில் மெம்பர்ஷிப் கட்ட வேண்டும், பிறகு அவர்களுடைய மறுவிற்பனைப் பக்கத்தைத் தினமும் பார்க்க வேண்டும். வர முடியாதவர்கள் விடும் சீட்டுகள் மேட்ச் நெருங்க நெருங்க வரும். இரண்டு சீட் சேர்ந்து கிடைப்பது கஷ்டம், ஒற்றை சீட் கிடைத்துவிடும். வாசலில் விற்பவரிடம் வாங்காதீர்கள். 1994-ம் வருடச் சட்டப்படி அனுமதியில்லாமல் விற்பது குற்றம். மேலும், இப்போது டிக்கெட் பெரும்பாலும் போனில்தான் வருகிறது, விற்றவரின் கணக்கைக் கிளப் முடக்கினால் கதவு திறக்காது.

சனிக்கிழமை 3 மணி என்று அட்டவணையில் இருப்பது டிவிக்காக ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ மாறும். எந்தெந்த மேட்ச் டிவியில் என்ற அறிவிப்பு வெளிவரும் முன் ரயில் டிக்கெட் போட்டால் அந்தப் பணம் போனதுதான். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் விடமாட்டார்கள்.

*

உடையிலும் கவனம் வேண்டும். எவர்டன் ரசிகர்கள் பகுதிக்கு, அதே ஊர் எதிரி அணியான லிவர்பூலின் சிவப்புச் சட்டையில் போகாதீர்கள், சாம்பல் நிறமோ கறுப்போ போதும். இரண்டு அணியையும் பாதிப் பாதியாகப் பின்னிய ஸ்கார்ஃபை வாசலில் விற்பார்கள். உள்ளே பழைய ரசிகர்களுக்கு அது அறவே பிடிக்காது. லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டு பக்கம் 'தி சன்' பத்திரிகையைக் கையில் வைத்திருக்கவே கூடாது. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 ரசிகர்களைப் பலிகொடுத்த அணியின் ஊர் அது. பழியை ரசிகர்கள் மேலேயே போட்ட அந்தப் பத்திரிகையை லிவர்பூல் இன்றும் ஒதுக்கியே வைத்திருக்கிறது.

*

நடுநிலையாகப் பார்ப்பதன் முழு இன்பம் கீழ் லீகுகளில்தான். பெரிய லீகுகளில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதை 1985-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. ஐந்தாம் அடுக்குக்குக் கீழே அந்தத் தடை பொதுவாக இல்லை, கிளாஸோடு வேலியோரம் நிற்கலாம். இரு தரப்பையும் பிரிக்காத மேட்சுகளில், இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கத்துக்கு நடந்து மாறுவார்கள். நீங்களும் கூடவே போகலாம். லண்டனில் டல்விச் ஹாம்லெட் எளிது, மைதானம் ஈஸ்ட் டல்விச் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேசிய அணிகள் ஆடும் வாரங்களில் முதல் இரண்டு அடுக்கு லீகுகளுக்கு விடுமுறை, அப்போது போனால் கூட்டமும் உற்சாகமும் கூடுதல். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி மேட்ச் அன்று காலையிலேயே தள்ளிப்போகும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கிளப்பின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.