புதுப்பிப்பு: ப்யூரெட் அளவு ஒத்துப்போகிறது
மோர் உப்புக் (இரும்பு அம்மோனியம் சல்பேட்) கரைசலைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது, அதாவது ப்யூரெட் என்ற அடியில் திருகு உள்ள அளவுக் குழாயிலிருந்து நிறம் மாறும்வரை பெர்மாங்கனேட்டைச் சேர்த்து அளக்கும்போது, ப்யூரெட் அளவு முறைக்கு முறை 0.3 மி.லி. வரை மாறுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: கூம்புக் குடுவை! அதையும் மோர் உப்புக் கரைசலாலேயே அலசிக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டி நிற்பது, பிப்பெட்டில் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அளந்த 20 மி.லி.யோடு சேர்ந்துவிடும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு. குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும் போதும். உள்ளே ஈரம் இருந்தாலும் பரவாயில்லை. ப்யூரெட்டையும் பிப்பெட்டையும்தான் அதனதன் கரைசலால் அலச வேண்டும்.

அப்புறம், புனலை ப்யூரெட்டின் மேலேயே விட்டிருந்தேன். பாதியில் ஒரு துளி உள்ளே விழுந்ததை நேற்று கண்ணால் பார்த்தேன். இப்போது நிரப்பியதும் எடுத்துவிடுகிறேன். கரைசல் அடர் ஊதா என்பதால் வளைந்த திரவ மட்டத்தின் மேல் விளிம்பைத்தான் படிக்கிறேன்.

வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. நேற்று மூன்று முறையும் 19.8 மி.லி.தான். கடைசித் துளியில் வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நின்றபோது அவ்வளவு சந்தோஷம்.