பொது நிறுவனங்கள் குழுவிடம் சொன்னால் பாக்கி வருமா?

பட்டறைக்காரன்:
அரசு நிறுவனம் ஒன்றுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தேன். பில் மேசை மேசையாக நகர்கிறது, பணம் மட்டும் வரவில்லை. சட்டமன்றப் பொது நிறுவனங்கள் குழு எங்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வருகிறதாம். நேரில் முறையிடலாமா?

பழைய தணிக்கையர்:
முறையிடுங்கள், ஆனால் காசோலையை எதிர்பார்க்காதீர்கள். தணிக்கை அறிக்கையில் வந்த நட்டம், வீண் கொள்முதல் ஆகியவற்றுக்கு அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பதே அதன் முதல் வேலை. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது. செயலாளரும் நிர்வாக இயக்குநரும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பழைய அறிக்கை என்றால், "அப்போது நான் இல்லை" என்பதுதான் வழக்கமான பதில்! அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடாது. அதன் பரிந்துரை உத்தரவும் அன்று. எடுத்த நடவடிக்கையை அரசு தெரிவிக்க வேண்டும், அவ்வளவே.

பட்டறைக்காரன்:
அப்படியானால் எங்கே போவது ஐயா?

பழைய தணிக்கையர்:
சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி.

நூல் வியாபாரி:
சரக்கு பெற்றுக்கொண்ட ரசீதை மறக்காமல் இணையுங்கள்.