பாங்காக் படகு நூடுல்ஸ்: ஒரு உதவி வேண்டும்

விக்டரி மான்யுமென்ட் பக்கத்துப் படகு நூடுல்ஸ் (முன்பு படகுகளில் விற்ற தாய்லாந்து நூடுல்ஸ் சூப்) கடைகளில் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள். கூட வருபவர் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். மாட்டிறைச்சி கிண்ணம் கேட்டால் சூப் தனி அண்டாவிலிருந்து வருமா, பன்றி எலும்பு கொதிக்கும் அதே சூப்தானா? 'நாம் டொக்' என்றால் ரத்தம் கலந்தது என்று தெரியும். அதை வேண்டாம் என்றால் கிண்ணத்தில் ஊற்றாமல் விடுகிறார்களா, இல்லை முன்பே கலந்து வைத்திருக்கிறார்களா?

நூடுல்ஸில் மெல்லிய அரிசி நூடுல்ஸான சென் லெக் போதும். பட்டையான சென் யாய் சூப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூப் இல்லாத 'ஹேங்' வாங்கினால் பிரச்சினை தீருமா? அதிலும் பன்றிக் கொழுப்புப் பொரி தூவுவார்களே! மேசையில் இருக்கும் சர்க்கரை, மீன் சாஸ், மிளகாய்த்தூள், மிளகாய் வினிகர் பற்றிக் கவலையில்லை. கோழி மட்டும் போடும் கடை பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.