மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஸ்கூல்ல அட்மிஷன் கேட்டுப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு?

செல்வி, திண்டுக்கல்:
பையனுக்கு செரிப்ரல் பால்ஸி, மூளை முடக்குவாதம். அவனுக்கு ஆறு வயசு முடிஞ்ச ஜூன் மாசம். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யூடிஐடி கார்டு), ஆதார் எல்லாம் ஃபைல்ல இருந்துச்சு, ஹெச்.எம். தொடவே இல்லை. "இவனுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கேம்மா"ன்னாங்க. அதைக்கூட எதிர்பார்த்துத்தான் போனேன். வெளியே வரும்போது இன்டர்வல் பெல் அடிச்சுது. ஒரு பொண்ணு ஓடி வந்து அவன் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு "நீ எந்த கிளாஸ்?"னு கேட்டா. அவன் திரும்பி என் மூஞ்சியப் பார்த்தான். மூணு வருஷம் ஆச்சு, இன்னும் தூக்கத்துல வருது.

ரவி, திருச்சி:
தங்கச்சி பையனுக்கு ஆட்டிசம். ஃபோன்லயே சீட் இல்லைன்னுட்டாங்க. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதே கிளாஸ்ல சீட்.

அக்கா, வாயால கேக்கவே கேக்காதீங்க. மனு எழுதிக் குடுங்க, நகல்ல தேதி போட்டு சீல் வாங்குங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-வது பிரிவு: அரசு நிதியோ அங்கீகாரமோ வாங்குற பள்ளி பாகுபாடு இல்லாம சேர்க்கணும். 31-வது பிரிவு: 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் இலவசப் படிப்பு. 2007 அக்டோபர் 1 அன்னைக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏத்துக்கிச்சு, அதுக்காக வந்த சட்டம் இது. அந்த உடன்படிக்கையோட ஆர்டிகிள் 24, குறைபாட்டைக் காரணம் காட்டி பொதுப் பள்ளியிலேர்ந்து யாரையும் ஒதுக்கக் கூடாதுங்குது. தனிப் பள்ளின்னு சொன்னாலே விடாதீங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்க.

நூர்ஜஹான், வேலூர்:
ரவி தம்பி, தனிப் பள்ளின்னா தள்ளி வைக்கிறதுன்னு முடிவு பண்ணாதீங்க. என் மகளுக்குக் காது கேக்காது. பொதுப் பள்ளியில உடனே சேத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கடைசி பெஞ்சு, ஒரு சிநேகிதி கிடையாது. காது கேளாதோர் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு வராந்தாவுல பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க கையாலயே பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. என் கையை உதறிட்டு ஓடினா. நீங்க சொல்ற அதே ஆர்டிகிள் 24-லதான் சைகை மொழி கத்துக்குடுக்கணும், அது தெரிஞ்ச டீச்சர் வேணும்னும் இருக்கு. அந்தப் பொதுப் பள்ளியில அப்படி ஒருத்தர்கூட இல்லையே?

ரவி, திருச்சி:
அக்கா, அந்த டீச்சரைப் போடச் சொல்லித்தான் கேக்கணும். நாம ஒதுங்கிப் போனா அவங்க போடவே மாட்டாங்க.

நூர்ஜஹான், வேலூர்:
அவங்க போடுற வரைக்கும் என் பிள்ளை யார்கூடப் பேசுவா, தம்பி?

முத்து, தென்காசி:
எனக்குப் பார்வை குறைவு. ஒன்பது வயசுல விடுதிப் பள்ளியில விட்டாங்க. அப்பாவும் வார்டனும் என் தலைக்கு மேல பேசிக்கிட்டாங்க. ஒருத்தர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடின சத்தம் இப்பவும் கேக்குது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. ரவி சொன்ன 31-வது பிரிவைத் திரும்பப் படிங்க. பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, பிள்ளையோட விருப்பப்படின்னு இருக்கு. உடன்படிக்கையோட ஆர்டிகிள் 7-ம் அதைத்தான் சொல்லுது: தன்னைப் பத்தின விஷயத்துல பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதுக்கு வேண்டிய உதவியையும் செஞ்சு தரணும். செல்வியக்கா, பையன் என்ன சொன்னான்?

செல்வி, திண்டுக்கல்:
அன்னைக்கு ராத்திரி சோறு ஊட்டும்போது "நான் எந்த கிளாஸ்மா?"ன்னான். ஒண்ணாப்புன்னு சொன்னேன். இப்ப நாலு கிலோமீட்டர் தள்ளி வேற பள்ளியில மூணாப்பு, ஆட்டோவுல போறான். அந்த ரெண்டு தெரு தாண்டித்தான் ஆட்டோ போகுது.