எமர்ஜென்சியில் புது நர்ஸ்கள் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

இன்சார்ஜ் சிஸ்டர், மாவட்ட ஜி.எச்.

எங்கள் வார்டுக்கு வரும் புதுப் பிள்ளைகள் வேலையில் கெட்டி. பூச்சிமருந்து குடித்த கேஸ் வந்தால், டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ட்ரிப்ஸ் லைன் போட்டு, விஷமுறிவு மருந்தான அட்ரோபினைக் கையில் வைத்திருப்பார்கள். ஆனாலும் சில மாதத்திலேயே வார்டை மாற்றிக் கேட்கிறார்கள். நோயாளியோடு வருகிறவர்களின் வசவு தாங்கவில்லையாம்.

போன வாரம் ராத்திரி, நெஞ்சுவலிக்காரருக்கு ஒரு பிள்ளை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த பையன். அவன் மாமா "எங்களைப் பார்க்க மாட்டியா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்ததில், நெஞ்சில் ஒட்டியிருந்த ரப்பர் பல்பெல்லாம் கழன்று விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி வைத்து எடுத்து முடித்தாள். காலையில் வார்டை மாற்றச் சொல்லி லெட்டரோடு வந்துவிட்டாள். செக்யூரிட்டி கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரிண்டெண்ட்

சிஸ்டர், செக்யூரிட்டி வேண்டியதுதான். ஆனால் அவர் சண்டை வந்த பிறகு வருகிற ஆள். டி.ஏ.இ.ஐ. என்கிற தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டப்படி நோயாளிகளை அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோமே, அது நமக்குத் தெரியும். அவசரம் குறைந்த பச்சையில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு யார் சொன்னது?

நாங்கள் ஒரு சிஸ்டரை ட்ரையேஜ், அதாவது இப்படிப் பிரிக்கிற இடத்தின் வாசலிலேயே நிறுத்தினோம். அவள் பொறுப்பில் நோயாளிக் கட்டில் எதுவும் கிடையாது. "தம்பிக்குக் கட்டுப் போட்டாச்சு, விரலில் ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. அந்தப் பெரியவருக்கு மாரடைப்பாக இருக்கலாம், அதனால்தான் டாக்டர் அங்கே நிற்கிறார். அப்புறம் எக்ஸ்ரே" என்று திரும்பத் திரும்பப் போய்ச் சொல்வதுதான் வேலை. இருக்கிற ஆளே போதாதபோது இது எதற்கு என்று முதலில் எல்லோரும் எதிர்த்தார்கள். வசவு குறைந்ததும் யாரும் பேசவில்லை.

கை வைத்தால் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, நர்ஸ்களுக்கும் பொருந்தும், ஜாமீனில் வர முடியாத குற்றம். புகாரை அந்தப் பிள்ளை தலையில் கட்டாமல் மருத்துவமனை பெயரில் கொடுக்கச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்ட்டில் மத்திய சுகாதாரத் துறை, 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவு போட்டது. அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஸ்டாஃப் நர்ஸ், கோவை

அக்கா, வெளியாள் திட்டினால்கூட ஆறிவிடும். "நீ கொஞ்சம் தன்மையாகப் பேசியிருக்கலாமே" என்று நம் சீனியர் சொல்வதுதான் ஆறாது. அந்தப் பயத்தில்தான் நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்தியதைக்கூட மறைக்கிறோம். என்னோடு வேலை பார்த்தவள் கையில் குத்தியதை மறுநாள் சாயங்காலம்தான் சொன்னாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்று படித்தவள்தான். திட்டு விழும் என்று பொறுத்திருந்தாள். குத்தியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக உங்களிடம் வரலாம் என்ற தைரியத்தை முதலில் கொடுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர், மாவட்ட ஜி.எச்.

சரி, லெட்டர் கொடுத்த பிள்ளையை இன்றே கூப்பிட்டுப் பேசுகிறேன். ஆர்.எம்.ஓ.விடமும் (நிலைய மருத்துவ அலுவலர்) புகாருக்குக் கேட்கிறேன். ஆனால் நைட்டில் இரண்டே பேர்தான். வாசலுக்கு யாரை விடுவது?

ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரிண்டெண்ட்

விடிய விடிய வேண்டாம். கூட்டம் ஏறுகிற நேரம் எது என்று ஒரு மாத ஏ.ஆர். நோட்டை, அதாவது விபத்துப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும் ஈவினிங் ஷிஃப்டில் ஒருவரைத் தள்ளிப் போடுங்கள், பதிலுக்குக் காலையில் தாமதமாக வரட்டும். எழுத்தில் கேளுங்கள் சிஸ்டர், வாயால் கேட்டது எங்கேயும் நிற்காது.