இடத்தைத் தொட்டால் என்ன வந்தது? வரைபடத்தில் தேடியவர்களின் அனுபவங்கள்

வில்லியனூரான்:
எங்கள் மருந்துக் கிடங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "தம்பி, நான் எப்போது புதுச்சேரிக்குக் குடிபோனேன்?" என்று கேட்டார். பில்லில் வேறு மாநிலத்துக்கு அனுப்பும் சரக்குக்கான வரி, ஐஜிஎஸ்டி, ஏறியிருந்தது. சேலத்துக்குப் போகும் சரக்குக்கு சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும்தான் வர வேண்டும். கடையின் இருப்பிடத்தை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியை ஒரு நிறுவனம் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அது சேலத்தைப் புதுச்சேரி என்று சொல்லியிருக்கிறது.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மாநில எல்லை அடுக்கைத் திறந்து, புதுச்சேரியின் நிலம் முழுவதையும் அடக்கும் செவ்வகமான எல்லைப்பெட்டியை வரைந்து பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மேற்கே மாஹே, வடகிழக்கே ஏனாம், தெற்கே காரைக்கால். இவ்வளவையும் அடக்கிய செவ்வகத்துக்குள் சேலம், சென்னை, பெங்களூரு எல்லாமே விழுந்துகிடந்தன. தேடல் ஓடிய போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் && குறி பெட்டியை மட்டும்தான் ஒப்பிடும். அதில் தேறியவற்றை உண்மையான எல்லைக்கோட்டோடு ஒப்பிடும் இரண்டாவது படியை யாருமே எழுதவில்லை.

அதைச் சரிசெய்த பிறகு பாகூர்ப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு இரண்டு மாநிலம் வந்தது. புதுச்சேரி மாவட்டமே ஒரே நிலமாக இல்லை, தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாக இருக்கிறது. வாங்கிய கோப்பில் தமிழ்நாட்டுப் பலகோணத்தில் அந்தத் துண்டுகளுக்கு ஓட்டை விடவில்லை. அதனால் புள்ளி இரண்டுக்குள்ளும் இருந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எல்லைக்கல்:
எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. மூன்று ஊரும் வேண்டாம் என்றன.

மூன்று கிராமங்கள் சந்திக்கும் முச்சந்திக் கல். ஒரு பெரியவர் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் கையில் இருந்த டேப்லெட்டில், "இந்தக் கிராமத்தில் எல்லைக்கல் 0" என்று வருகிறது. பக்கத்துக் கிராமத்துக்கும் 0, மூன்றாவதற்கும் 0. அவர் திரையையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்குப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் இதுதான். கற்களின் புள்ளிகளை எல்லைக்கோட்டு முனைகளோடு துல்லியமாக ஒட்டியிருந்தார்கள். தேடலில் "வித்தின்", அதாவது உள்ளே இருப்பவை, என்று கேட்டிருந்தார்கள். பலகோணத்தின் விளிம்பிலேயே இருக்கும் புள்ளி அந்த விதிப்படி உள்ளே இல்லை. "இன்டர்செக்ட்", அதாவது ஒரு புள்ளியாவது பொதுவா, என்று கேட்டால் மூன்று ஊரிலும் வரும், "டச்" என்று கேட்டாலும் வரும். முச்சந்திக் கல் மூன்று ஊருக்கும் பொது என்பதால் அதுதான் சரியான பதில். கல்லை முனையோடு ஒட்டியவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். கேட்ட கேள்விதான் அந்த வேலையை வீணாக்கியது.

கோட்டுமுனை:
மேலே இருக்கும் இரண்டு கதையிலும் தேடலைக் குறை சொல்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தரவு வைக்கும் முறைதான் சிக்கல். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையில் ஒவ்வொரு கிராமமும் தன் வேலியைத் தானே முழுசாகச் சுமக்கிறது. பக்கத்துக் கிராமம் அதே வேலியை இன்னொரு முறை சுமக்கிறது. இரண்டும் இம்மி பிசகினால் நடுவே இடைவெளி வரும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கிராஸ் என்ற மென்பொருளில் அந்தக் கோடு ஒரே ஒருமுறைதான் இருக்கும், அதன் இடப்புறம் எந்தப் பரப்பு, வலப்புறம் எந்தப் பரப்பு என்ற கணக்கோடு. வில்லியனூரான், உங்கள் கோப்பை அதன் வி.இன்.ஓஜிஆர் கட்டளை வழியாக உள்ளே எடுத்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதி தனிப் பரப்பாகப் பிரிந்து, இரண்டு மாநில எண்ணையும் தாங்கி நிற்கும். பில் போடுவதற்கு முன்பே பிடித்திருக்கலாம்.

என் கதை சின்னது. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய், நடுவே கருவேலம் நிறைந்த திட்டு. ஓர் இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வி.வாட் கட்டளையில் திட்டின் ஆயத்தொலைகளைக் கொடுத்தால் ஒரு விவரமும் வரவில்லை. சுற்றிக் கோடு இருக்கிறது, கோடு மூடியும் இருக்கிறது, ஆனால் உள்ளே சென்ட்ராய்டு என்ற புள்ளி இல்லை. கிராஸில் பரப்புக்கு அடையாளம் அதன் சென்ட்ராய்டில்தான் இருக்கும். அந்த வெற்றுப் பதிலைப் பார்த்துத்தான் திட்டு யார் கணக்கிலும் ஏறவில்லை என்று தெரிந்தது. ஊரில் விசாரித்தால் அந்தத் திட்டுக்காக இரண்டு தரப்பும் ரொம்ப நாளாகச் சண்டை.

எல்லைக்கல்:
கோட்டுமுனை அண்ணே, என் கோப்பில் இடைவெளியும் இல்லை, ஏற்றமும் இல்லை. சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கோட்டை ஒருமுறை வைத்தாலும் இரண்டுமுறை வைத்தாலும், கோட்டின் மேலேயே நிற்கும் கல் எந்த ஊரில் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். அதை விஏஓவும் சர்வேயரும் சொல்ல வேண்டும், மென்பொருள் சொல்லாது.

கிணற்றடி (யாழ்ப்பாணம்):
நீங்கள் எல்லைக்கோட்டுப் பிசகைக் கதைக்கிறீர்கள். எங்களுக்குப் பிசகு மேற்கே 300 கிலோமீட்டர், தெற்கே 300 கிலோமீட்டர்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நீர்தான் எல்லோருக்கும். எந்தக் கிணறு எந்தக் கிராம அலுவலர் பிரிவில் என்று பிரித்துத் தரச் சொல்லி ஒரு கோப்பு வந்தது. இடத்தை வைத்துத் தெரிவு செய்யும் "செலக்ட் பை லொக்கேஷன்" ஓட்டினால் ஒரு கிணறும் தெரிவாகவில்லை. அடுக்கு இருக்கும் இடத்துக்குப் போ என்று அழுத்தினேன். திரை கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் போய் நின்றது. கடலுக்குள் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று கிணறுகள் குடாநாட்டின் வடிவிலேயே மிதந்தன. பக்கத்தில் இருந்த அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவருடைய வீட்டுக் கிணறும் அதில் ஒரு புள்ளி.

இலங்கையின் பழைய ஆயத்தொலை முறையான கந்தவல கட்டத்தில் கிழக்கும் வடக்கும் 200,000 என்ற ஆதாரத்தில் தொடங்கும். 1999 கட்டத்தில் 500,000. எந்தக் கட்டம் என்று சொல்லும் பிஆர்ஜே கோப்போடு வரவில்லை, யாரோ புதிய கட்டத்தின் குறியீடான 5235 என்று போட்டிருக்கிறார்கள், எண்களோ பழைய கட்டமான 5234க்கு உரியவை. யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கு எண் 117,000 அளவில் இருந்தால் பழையது, 417,000 அளவில் இருந்தால் புதியது. வெறுமனே 300,000 கூட்டிச் சமாளிக்க வேண்டாம், அளவைத் தளமும் (டேட்டம்) வேறு. 5234 என்று சரியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

தூரம்220:
2017 ஏப்ரல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொல்லியிருந்தது. 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது 2017 மார்ச் 31 அன்று. ஓர் ஊராட்சியில் மனு எழுத வரைபடம் கேட்டார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் கடையிலிருந்து சாலைக்கோடு 228 மீட்டர். அந்த ஊர்ப் பெண்கள் நம்பவில்லை. சாலை விளிம்பிலிருந்து டேப் பிடித்து அளந்து 216 என்று காட்டினார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. தீர்ப்பு சொன்னது சாலையின் வெளிவிளிம்பை, வரைபடத்தில் இருப்பது நடுக்கோடு. நான்குவழிச் சாலையை ஒரே கோடாக வரைந்திருந்தால் இரண்டுக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் வரும். டேப்பின் நுனியைத் தார் விளிம்பில் அழுத்திப் பிடித்திருந்த அம்மாவின் கட்டைவிரல் இப்போதும் நினைவில் இருக்கிறது.

சரி, இதைப் படிப்பவர்கள் தூரத் தேடல் செய்யப் போனால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டிகிரியில் இடத்தைச் சொல்லும் 4326 குறியீட்டு அடுக்கில் 500 என்று கொடுத்தால் அது 500 டிகிரி. ஒரு டிகிரி அட்சமே ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால் உலகமே உள்ளே வந்துவிடும். மீட்டர் அளவுள்ள முறைக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டில் அதிலும் ஒரு கவனம் வேண்டும்: 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது, மீட்டர் முறையின் குறியீடு அதற்கு மேற்கே கோவைக்கு 32643, கிழக்கே சென்னைக்கு 32644. போஸ்ட்ஜிஐஎஸ் என்றால் மீட்டரிலேயே அளக்கும் ஜியாகிராஃபி வகையில் வைத்து, இத்தனை தூரத்துக்குள் இருக்கிறதா என்று கேட்கும் எஸ்டி-டிவித்தின் பயன்படுத்துங்கள். அது இன்டெக்ஸைத் தொட்டுத் தேடும். எஸ்டி-டிஸ்டன்ஸில் தூரத்தைக் கண்டுபிடித்து 500க்குக் கீழா என்று கேட்டால் ஒவ்வொரு வரியாக அளக்கும், பெரிய அட்டவணையில் மாலைவரை ஓடும். கடையைச் சுற்றி பஃபர் என்ற தூர வட்டத்தை வரைந்து வெட்டுவதை நான் வெறுக்கிறேன். அது வட்டமே கிடையாது. கியூஜிஐஎஸ் தானாக எடுக்கும் அளவில் கால்வட்டத்துக்கு 5 துண்டு, அதாவது 20 பக்கப் பலகோணம். 500 மீட்டர் ஆரத்தில் பக்கத்தின் நடுவில் 6 மீட்டர் குறைகிறது. வழக்கில் 6 மீட்டர் பெரிய விஷயம்.

நேர்த்தூரமா நடைதூரமா என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதே 2017இல் கேரளத்து வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம் வாசலுக்கு முன் வளைந்து வளைந்து போகும் பாதை கட்டி நடைதூரத்தை நீட்டியது செய்தியில் வந்தது. எந்த முறையில் தேடினாலும், எதிலிருந்து எதுவரை அளந்தோம் என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

கோட்டுமுனை:
நடுக்கோடு விஷயம் நியாயம். சாலையைப் பரப்பாக வரைந்து வைத்திருந்தால் இந்தப் பேச்சே வராது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

காவிரிக்கடை:
எல்லோரும் எங்கே இருக்கிறது என்று பேசுகிறீர்கள். எனக்கு எப்போது என்பதில் இடித்தது. என் அம்மாவின் விண்ணப்பம், "மாவட்டம் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. வீடு மயிலாடுதுறையில். இருப்பிடத்தை வைத்துச் சரிபார்த்த அடுக்கு 2011 கணக்கெடுப்பின் 32 மாவட்டக் கோப்பு, அதில் தொட்டால் நாகப்பட்டினம் வருகிறது. மாவட்டம் 2020 டிசம்பரில் பிரிந்துவிட்டது, இப்போது மொத்தம் 38. அம்மா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "நாம எங்கடா இருக்கோம்?" என்று கேட்டாள். ராணிப்பேட்டை, தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஊர்க்காரர்களும் தங்கள் முகவரியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

வில்லியனூரான்:
கோட்டுமுனை சொன்னபடி உள்ளே எடுத்துப் பார்த்தேன். பாகூர்த் துண்டு இரண்டு மாநில எண்ணோடு தனியாக வந்து நின்றது. கூடவே வேறு சில துண்டுகளும். அவற்றில் இருக்கும் கடைகளின் பழைய பில்களை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறோம்.